பனிமுழுங்கிக்கு இருபத்திரண்டு கால்

நம் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்றைக்கும் கண்ணாடி போட்டாவது எழுத்துக் கூட்ட முடிகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். என் கணக்கில் நாம் முப்பத்தொரு பேர் மிச்சம். முப்பத்தொரு பேரும் படிக்க வேண்டும். படித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாது.

போன வாரம் பள்ளிக்கூட விழாக் குழுவிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். நாலு பக்கம், ஆறு எழுத்துப் பிழை. அதை விடுங்கள். மூன்றாம் பக்கத்தில் ஒன்பதாவது நிகழ்ச்சி: ‘பனிமுழுங்கி - நாடகம். மூலக் கதையின்படி திருத்தப்பட்டது.’

திருத்தப்பட்டதாம். உடனே செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் நம் பள்ளிக்கூடத்தில் இப்போது படிப்பிக்கிற இளைஞர். நல்ல பையன்தான்.

“பனிமுழுங்கி கடைசியில என்னாகுது தம்பி?”

“செத்துருதுங்க ஐயா. வீரன் வெட்டுறான், அது விழுகுது. புத்தகத்துல அப்படித்தானுங்களே?”

“நாங்க போட்டப்ப அது சாகல.”

“அது சின்னப் புள்ளைங்க கொழப்பிட்டதுன்னு சொன்னாங்களே ஐயா. உங்க அக்கா ஏதோ திமிர்ல எந்திரிச்சு, நாடகமும் கெட்டு, அவங்க படிப்பும் கெட்டுப் போச்சுன்னு…” என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொல்கிறோம் என்று அப்போதுதான் உறைத்ததோ என்னவோ, இருமினார்.

அறுபத்து நாலு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், ஹட்டன் பஸ்ஸில். ‘திமிர் புடிச்ச புள்ள, தானா கெடுத்துக்கிச்சு.’ சொன்னவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லை. நான் இருந்தேன். நான்தான் வால்.

*

அந்தப் புத்தகத்தை நீங்கள் எல்லோரும் தொட்டிருக்கிறீர்கள். தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, பங்களாவில் வேண்டாத சாமான்களை ஒழித்தபோது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பெட்டியில் வந்தது. பெட்டியில் மொத்தம் பதினேழு பொருள். ஒன்று அச்சு உடைந்த உலக உருண்டை, ஒன்று வாய் போன மவுத் ஆர்கன், மிச்சம் பதினைந்தும் புத்தகம். நம்முடையது பச்சைத் துணி அட்டை போட்டது. முதுகைப் பூச்சி அரித்திருந்தது. திறந்தால் காலி பிஸ்கட் டின்னின் வாசனை. முதல் பக்கத்தில் துரையின் பெயர் சின்னப் பிள்ளைக் கையெழுத்தில் இருந்தது, பக்கத்திலேயே ஒரு மைக்கறை. துரையும் ஒரு காலத்தில் மை கொட்டியிருக்கிறார் என்று நாங்கள் மாறி மாறி அந்தக் கறையைத் தொட்டுப் பார்த்தோம்.

கதை உங்களுக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். மலை உச்சியில் ஒரு பிராணி. பல்லி உடம்பு, வௌவால் செட்டை, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. அது நெருப்புக் கக்காது, ஆளைத் தின்னாது. விடிந்ததும் வாயைத் திறந்து பள்ளத்தாக்கில் கிடக்கிற பனியை எல்லாம் உறிஞ்சிக் குடித்துவிடும். அவ்வளவுதான் அதன் குற்றம். பனி இல்லாமல் கீழே அரசியின் ரோஜாத் தோட்டம் வாடுகிறது. அரசி அழுகிறாள். வெள்ளைக் குதிரையில் ஒரு வீரன் வந்து அதன் கழுத்தில் வாளை இறக்குகிறான். பனி திரும்ப வருகிறது, ரோஜா பூக்கிறது. படங்கள் ஒன்பது. எட்டாவது படத்தில் பிராணி செத்துக் கிடக்கும். கண் மட்டும் திறந்திருக்கும்.

தலைமை ஆசிரியர் இதைத் தமிழில் சொல்லிக் காட்டினார். வடக்கிலிருந்து வந்தவர். தனியாக ஒரு குவாட்டர்ஸில் இருந்தார். குளிர் தாங்காமல் வகுப்பில் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்பார். கெட்டவர் இல்லை. பயந்தவர். அந்த வயதில் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கதை முடிந்ததும் அக்கா எழுந்து நின்றாள். அவள் ஐந்தாம் வகுப்பு, வயது பன்னிரண்டு. நான் ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடமே ஒரு ஹால்தான், அதில் மறுமூலையில் இருந்தேன்.

“பனிய முழுங்குனா நல்லதுதானுங்களே சேர்? அத எதுக்குக் கொல்லணும்?”

நாங்கள் எல்லோரும் அதைத்தான் நினைத்தோம். கார்த்திகை, மார்கழியில் நம் மேல் டிவிசன் பனி எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போன அம்மாமார் ஒருவரையொருவர் இருமலை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். இடுப்பில் கட்டின படங்குச் சாக்கு நனைந்து இரும்பு மாதிரி விறைக்கும். அட்டைக்கடி வேறு. அம்மாவின் காலில் ஒருநாள் எண்ணினேன், பத்தொன்பது. இப்படிப்பட்ட பனியை ஒரு பிராணி விடிய எழும்பிக் குடித்துத் தீர்க்கிறது என்றால், அதற்குக் கோயில் கட்ட வேண்டாமா?

தலைமை ஆசிரியர் சொன்னார்: “கதை அப்பிடித்தான் பிள்ளை. இரு.”

அக்கா உட்கார்ந்தாள். ஆனால் அவள் உட்கார்ந்த விதம் எனக்கு ஞாபகமிருக்கிறது. முதுகு சாயவில்லை.

*

வருடக் கடைசிக் கலைவிழாவுக்கு இந்தக் கதையையே நாடகமாகப் போடுவது என்று அவர் முடிவெடுத்தார். அதற்குக் காரணம் இருந்தது. துரை வருவார். தன் சின்ன வயதுப் புத்தகத்தை மேடையில் பார்த்தால் மனம் இளகும். இளகினால் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கடிதம் அக்காவுக்கானது.

அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு சரி. டவுன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்கும் விடுதிக்கும் போக வேண்டுமானால் துரையின் கடிதம் வேண்டும். கடிதம் இல்லாவிட்டால் தைப்பொங்கல் முடிந்ததும் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிடுவார்கள். பேர் பதிந்தால் கூடை, கயிறு, மலை. வேறு வழி கிடையாது. தலைமை ஆசிரியர் அக்காவைக் கூப்பிட்டு, நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்:

“நீதான் தலை. புத்தகத்திலை இருக்கிற மாதிரியே செய்யவேணும், விளங்குதோ? துரைக்குப் பிடிச்சுதெண்டால் உன்ரை கடிதம் அண்டைக்கே முடிஞ்சுது. நான் எழுதி ஆயத்தமா வைச்சிருக்கிறன்.”

அவள் தலையாட்டினாள். அன்று சாயந்தரம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, விடுதிக்குக் கொண்டுபோக வேண்டியதை விரல் விட்டு எண்ணினாள். தட்டு ஒன்று, போர்வை ஒன்று, பாவாடை இரண்டு. நாலோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் எங்கள் வீட்டில் எண்ண ஒன்றுமில்லை.

பிராணிக்கு நாலு கால் போதும் என்றார் தலைமை ஆசிரியர். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை. லயத்தில் வெடித்தது சண்டை. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பிரா, காம்பிராவுக்கு ஒரு குடும்பம். கோயில் திருவிழாவாகட்டும், தண்ணீர்ப் பீலி திருத்துவதாகட்டும், காம்பிராவுக்கு ஒருவர் என்பதுதான் முறை. ஒரு காம்பிராவை விட்டுவிட்டு எந்தக் காரியமும் நடக்காது. அது எப்படி எங்கள் வீட்டுப் பிள்ளை மட்டும் தலை? மூன்றாம் காம்பிரா அம்மா பீலியடியில் வைத்தே கேட்டார்: “ஏன், எங்க புள்ளைக்குக் கால் இல்லியா?”

ஆகவே காம்பிராவுக்கு ஒரு பிள்ளை வீதம் பத்துப் பேர் சேர்ந்து உடம்பு, அதற்கு மேல் அக்கா தலை. எங்கள் காம்பிராவுக்குரிய பிள்ளை நான். “ஒரே வீட்டுல ரெண்டா?” என்று மறுபடி சத்தம் வந்தது. அம்மா தீர்த்து வைத்தார்: “சின்னவன வால்ல போடுங்க. அங்க யாரு பாக்கப் போறா?” அப்படியாகப் பதினொரு பேர், இருபத்திரண்டு கால். உலகத்தில் எந்தப் பனிமுழுங்கிக்கும் இத்தனை கால் இருந்ததில்லை.

உடம்புக்குச் சாக்கு. செட்டைக்கு உடைந்த குடை இரண்டு. செதிலுக்குத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள். அப்பா ஸ்டோரில் பெட்டியடிக்கிற இடத்தில் வேலை செய்தார். கிழிந்த தாள்களைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். நடக்கும்போது அவர் மார்பு சரசரக்கும். நாங்கள் நானூற்றுப் பன்னிரண்டு செதில் வெட்டி, கோதுமைப் பசையால் ஒட்டினோம். தலைக்கு அம்மாவின் பழைய கொழுந்துக் கூடை. கூடை வாய்தான் பிராணியின் வாய். அக்கா அதில் சுண்ணாம்பால் இரண்டு கண் போட்டாள். எனக்கு ஒரு மூங்கில் கம்பு கொடுத்து, நுனியில் ஈயத்தாள் குஞ்சம் கட்டி, ‘இதை நிமிர்த்திப் பிடி, அதுதான் வால்’ என்றார்கள்.

முதல் ஒத்திகையில் நாங்கள் வரிசையாக நின்றபோது அப்பா தள்ளி நின்று பார்த்தார். தகரம் மாதிரி மின்னுகிற நீள முதுகு. கீழே பத்து வீட்டுக் கால்கள். அப்பா அதிகம் பேசாதவர். “நம்ம லயம் எந்திரிச்சு நடக்குற மாதிரியில்ல இருக்கு,” என்றார்.

*

சாவதுதான் சிக்கலாகிவிட்டது.

வாள் பட்டதும் தலை விழும். பிறகு அக்கா கூடைக்குள் இருந்தபடியே மெதுவாக எண்ணுவாள். அவள் ஒன்று, அடுத்தவர் இரண்டு, இப்படி ஒவ்வொரு எண்ணுக்கும் ஒவ்வொருவராகச் சரிய வேண்டும். பதினொன்றில் நான். வீரன் காலைத் தூக்கிக் கூடைமேல் வைத்து வசனம் சொல்வான். வீரன் வேறு யார், தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மகன். அவனுக்கு மட்டும்தான் காலில் போடச் சப்பாத்து இருந்தது.

ஒத்திகையை அம்மாமார் ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில் பார்த்தார்கள். கூடையும் முதுகுமாக, எங்கள் அம்மாவோடு எட்டுப் பேர் ஹால் வாசலில் நின்றார்கள். பதினொரு பிள்ளைகளும் தரையில் செத்துக் கிடந்தோம்.

“இது எப்ப எந்திரிக்கும் வாத்தியாரய்யா?” என்று மூன்றாம் காம்பிரா அம்மா கேட்டார்.

“எழும்பாது. செத்துப் போச்சு.”

“எழுப்பணுமுங்களே.”

“என்னத்துக்கு?”

அம்மாமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இதைக்கூடவா கேட்பார்கள் என்ற பார்வை. நம் பக்கத்தில் மாசி மாதம் காமன் கூத்தில் காமனை எரித்தால், மூன்றாம் நாள் எழுப்பியே ஆக வேண்டும். எழுப்பாமல் விட்ட தோட்டத்தில் என்னென்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கூத்தில் விழுந்தவர் கூத்திலேயே எழ வேண்டும். அதுவும் இங்கே ஒருவர் இல்லை, காம்பிராவுக்கு ஒன்றாகப் பத்து வீட்டுப் பிள்ளைகள். பட்டப்பகலில் படுக்க வைத்துவிட்டு, எழுப்பாமல் திரையை மூடுவதா?

“புத்தகத்திலை இல்லாததை நான் செய்யேலாது,” என்றார் தலைமை ஆசிரியர். “துரையின்ரை புத்தகம். துரைக்குத் தெரியும் முடிவு என்னெண்டு.”

“தொரைக்கு என்ன, அவரு புள்ளைங்க சீமையில பத்திரமா இருக்கு. கெடக்குறது எங்க புள்ளைங்க.”

சண்டை பெரிதாகியிருக்கும். அம்மா குறுக்கே வந்தார். “விடுங்கடி. எம் மகளுக்குக் கடுதாசி வரணும். இந்த ஒரு நா பொறுத்துக்கங்க,” என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தார். ஏழு கை. எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா யாரிடமும் கை நீட்டி நான் பார்த்ததில்லை. அவர்கள் அம்மாவுக்காக அடங்கினார்கள்.

ஆனால் அம்மாவே அடங்கவில்லை. இதைத்தான் நான் அறுபத்து நாலு வருடமாகச் சொல்லாமல் இருந்தேன். விழா நாள் காலையில், எல்லோரும் எழும்பும் முன்பே, அம்மா என் கம்பளியை விலக்கி, காதோடு சொன்னார்:

“நீ மட்டும் விழுகாத. என்ன? எல்லாரும் கெடந்தாலும் ஒருத்தன் நிக்கணும். ஒருத்தன் நின்னா லயம் சாகல. வால்ல இருக்க, யாரு கண்ணுக்கும் தெரியாது.”

கடிதமும் வர வேண்டும், லயமும் பிழைக்க வேண்டும். இரண்டையும் சரிக்கட்டியாகிவிட்டது என்று நினைத்தார். வால்தான் மூங்கில் நுனியில் ஈயத்தாள் குஞ்சத்தோடு எல்லோருக்கும் மேலே ஆடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. பாவம், அவர் ஒத்திகையில் நாங்கள் படுத்திருந்ததை மட்டும்தான் பார்த்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கொழுந்து மடுவத்தில் விழா. கொழுந்து நிறுக்கிற கொக்கி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் கொழுந்தின் வாடின வாசனை போகவில்லை. நாற்காலி ஆறு: துரை, துரைசாணி, பெரிய கிளாக்கர், அவர் மனைவி, சின்னத் துரை, ஆறாவதில் துரையின் தொப்பி. மற்ற எல்லோரும் தரையில். சுவரில்லாத மடுவத்துக்குள் பனி வந்து முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டது. பனிமுழுங்கி நடக்க ஆரம்பித்ததும், பனி கொஞ்சம் விலகியது என்று மூன்றாம் காம்பிரா அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாக்குக்குள் இருந்தேன், பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்தது ஓட்டைக் கோணிக்குள் வருகிற பசை நாற்றமும், எனக்கு முன்னால் போன பத்தாம் காம்பிராப் பெண்ணின் இரண்டு குதிகாலும்தான். அதில் வலது குதிகாலில் மூன்று வெடிப்பு.

வீரன் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான். வாள் கூடையில் பட்டது. அக்கா விழுந்தாள். தரையிலிருந்து அவள் குரல் வந்தது.

“ரெண்டு.”

சாக்கு ஒரு இழுப்பு இழுபட்டது.

“மூணு… நாலு…”

ஒவ்வொரு எண்ணுக்கும் என் முன்னால் முதுகு தாழ்ந்து வந்தது. பத்து என்றதும் அந்தக் குதிகால்கள் மடங்கின. சாக்கு என் தோளிலிருந்து வழுக்கிக் கீழே போய்விட்டது. நான் வெளியே நின்றேன். கால்சட்டை, கிழிந்த பனியன், கையில் மூங்கில். மடுவம் முழுக்க என்னைப் பார்த்தது.

“பதினொண்ணு.”

நான் விழவில்லை.

“பதினொண்ணு.” கொஞ்சம் சத்தமாக.

அம்மாவைத் தேடினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ‘விழு’ என்று அந்த முகம் சொல்லவில்லை. ‘நில்’ என்றும் சொல்லவில்லை.

“பதினொண்ணு!” மூன்றாவது தடவை.

வீரன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். “விழுடா வாலு, விழுடா!” என்று என் முழங்கால் எலும்பில் வாளால் அடித்தான். இரண்டு அடி. பலகை வாள். வலி உச்சிக்கு ஏறியது. தலைமை ஆசிரியர் ஓரத்தில் இருந்து, “படு! படு!” என்று கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். நான் மூங்கிலை இறுக்கிப் பிடித்தேன். வீரம் ஒன்றுமில்லை. அம்மா சொன்னதைச் செய்தேன், அவ்வளவுதான்.

அப்போது கூடை திரும்பியது. தரையில் கிடந்தபடியே, அதன் வாய் என் பக்கம் திரும்பியது. உள்ளே அக்காவின் முகம் தெரிந்தது. என் இரண்டு காலையும் பார்த்தாள். அவள் அப்படியே கிடந்திருக்கலாம். ஒரு சின்னப் பயல் மறந்துவிட்டான் என்று எல்லோரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். கடிதம் தலைமை ஆசிரியரின் சட்டைப் பையில் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது.

அவள் எழுந்தாள்.

“எந்திரிங்கடி எல்லாரும்! எந்திரிங்கடா!”

இருபது கால்கள் என்னுடைய இரண்டோடு வந்து சேர்ந்துகொண்டன. நானூற்றுப் பன்னிரண்டு செதிலும் சரசரத்தன. வீரன் ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி பின்னால் போய், நிறுவைக் கொக்கியில் தலை இடித்து உட்கார்ந்தான். அம்மாமார் குலவையிட்டார்கள். எங்கிருந்தோ தப்பு கிளம்பியது. காமனை எழுப்புகிற அடி. யாரும் கேட்காமலே தப்புக்காரர் அதை எடுத்துவிட்டார். நாங்கள் மடுவத்தை மூன்று சுற்றுச் சுற்றினோம். மூன்றாவது சுற்றில் நாற்காலிகளுக்கு முன்னால் போனபோது, அக்கா நின்று, கூடை வாயை முழுக்கத் திறந்து, ‘ஹூம்’ என்று ஒரு மூச்சு இழுத்தாள்.

துரை எழுந்து நின்றார். தொப்பியை எடுத்துக்கொண்டார். கிளாக்கரிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். கிளாக்கர் கையைப் பிசைந்தார். துரை இறங்கிப் போனார்.

*

தலைமை ஆசிரியர் அக்காவை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். “எல்லாத்தையும் நாசமாக்கிப் போட்டாய் பிள்ளை,” என்றார். கண் கலங்கியிருந்தது. தை மாதம் அக்காவுக்குப் பேர் பதிந்தார்கள்.

துரைக்குக் கோபம் என்றுதான் எல்லோரும் நம்பினோம். பதினைந்து வருடம் கழித்து, பங்களாவில் ஆயா வேலை பார்த்த சித்தி ஒருநாள் ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் துரை சிரித்தாராம். எட்டாவது படத்தைப் பார்த்துச் சின்ன வயதில் தான் அழுததாகத் துரைசாணியிடம் சொன்னாராம். ‘அந்தத் தலைக்காரப் பிள்ளைக்கு ஏதோ கடிதம் என்றார்களே, ஏன் கொண்டுவரவில்லை?’ என்று இரண்டு தடவை கேட்டாராம். தலைமை ஆசிரியர் பங்களாவுக்குப் போகவே இல்லை. பயம். துரை கேட்டதை யாரும் வந்து அவரிடம் சொல்லவும் இல்லை.

“அப்பவே ஏன் சித்தி சொல்லல?” என்று கேட்டேன்.

“எங்கிட்ட யாருடா கேட்டா?” என்றார். ரொட்டி கருகியது.

ஆக, அக்காவின் படிப்பைக் கெடுத்தது அவள் திமிர் இல்லை. நடக்காமல் போன ஒன்றரை மைல். பள்ளிக்கூடத்திலிருந்து பங்களாவுக்கு அவ்வளவுதான் தூரம். பிறகு நானே நடந்து பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து எனக்குக் கடிதம் கிடைத்தது. துரை புதியவர். நாடகம் ஒன்றும் கேட்கவில்லை, முகத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். நான் டவுனில் படித்து, தபால் கந்தோரில் முப்பத்து நாலு வருடம் முத்திரை குத்தினேன். அக்கா மலையில் நாற்பத்தொரு வருடம்.

அந்தக் கூடையைத்தான் அவள் கொண்டுபோனாள். புதுக் கூடை வேண்டாம் என்றுவிட்டாள். அவள் முதுகில் தொங்குகிற கூடையிலிருந்து இரண்டு சுண்ணாம்புக் கண்கள் பின்னால் வருகிற கங்காணியைப் பார்த்துக்கொண்டே போகும்.

“ஏ புள்ள, இந்தக் கூட என்னைய மொறைக்குது. அழிச்சுட்டு வா.”

“அது பனியத் தேடுதுங்க கங்காணி. உங்களைய இல்ல.”

மழையில் சுண்ணாம்பு கரையும். மறுநாள் அவள் புதிதாகப் பூசிக்கொண்டு வருவாள். அந்தக் கூடை இற்றுப்போகும்வரை பூசினாள். மாதத்துக்கு நாலு தடவை வீதம் நான் கணக்குப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். புத்தகம் எங்கே போனதென்று தெரியாது. மூங்கிலை அடுப்பில் வைத்துவிட்டார்கள். முழங்கால் எலும்பில் அந்த மேடு மட்டும் என்னிடம் இருக்கிறது.

*

இப்போது அந்தக் கதை கார்ட்டூன் படமாக வந்திருக்கிறது. பேத்தி போனில் காட்டினாள். பிராணி ஊதா நிறம், தொப்பை, பெரிய கண். வீரனோடு நட்பாகிவிடுகிறது. அரசிக்குத் தேவையான பனியைத் தானே ஊதிக் கொடுக்கிறது. பாட்டு ஐந்து. கால் நாலு. இது புத்தகத்தைவிட மோசம். கொன்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, ரோஜாத் தோட்டத்தில் வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

செயலாளருடன் பேசிய அன்றே அக்காவுக்கும் போன் போட்டேன். எழுபத்தாறு வயது, வட்டகொடையில் மகள் வீட்டில் இருக்கிறாள். அழைப்பிதழைப் பற்றிச் சொன்னேன். பிறகு, அம்மா காதோடு சொன்னதையும் சொன்னேன். சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அம்மா போய் இருபத்தாறு வருடம் ஆகிறது.

“தெரியும்டா,” என்றாள்.

“என்னது தெரியும்?”

“நீ என் கம்பளிக்குள்ளதானே படுத்திருந்த. அம்மா சொல்றப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “அப்புறம் எதுக்கு மூணு தடவ பதினொண்ணுன்னு கத்துன? நான் அடி வாங்குனேன்ல?”

“நீ விழுந்துருவியோன்னு பாத்தேன். ஒருத்தனாச்சும் நிக்காம நான் மட்டும் எந்திரிச்சா, அது பைத்தியம். நீ நின்ன. அப்புறம் எனக்கு என்ன பயம்?”

“கடுதாசி?”

அந்தப் பக்கம் கோழி கொக்கரிப்பது கேட்டது.

“அந்தக் கடுதாசிக்காக எத்தன பேரு கையத்தான் அம்மா புடிக்கும்? ஏழு பேரு கையப் புடிச்சத நீ மட்டுமா எண்ணுன?” என்றாள். “படிச்சிருக்கலாம்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா அங்கன செத்துக் கெடந்து வாங்குறதுன்னா வேணாம்னு தோணிச்சு. இப்பவும் வேணாம்.”

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தேன். குழுவுக்கு எழுதப் போகிறேன், நாமே மேடையில் ஏறப் போகிறோம் என்றேன். பதினொரு பேரில் ஏழு பேர் போய்விட்டார்கள். இருப்பது அவள், நான், மூன்றாம் காம்பிரா, பத்தாம் காம்பிரா. நாலு பேர், எட்டுக் கால். அதில் பத்தாம் காம்பிராவுக்குச் சீனி வருத்தம், ஒரு கால் விரல் எடுத்தாகிவிட்டது.

“எட்டுக் கால் இருந்தா நடக்கலாம்,” என்றாள். “வேற கூடை ஒண்ணு நான் கொண்டாறேன். கேளு, அந்த வாத்தியார்ப் பையன்கிட்ட ஒண்ணு சொல்லிரு.”

“என்ன?”

“இந்தத் தடவ நாங்க விழவே மாட்டோம். விழுந்தா எந்திரிக்க முட்டி இடம் குடுக்காது. வீரன வேணும்னா விழுகச் சொல்லு.”